நாகஸ்வரம் வாசிக்கையில் உதடு ஏன் இவ்வளவு விரைவில் தளர்கிறது?

நாகஸ்வரம் பழகத் தொடங்கி எட்டு மாதமாகியும் இருபது நிமிடத்தில் உதடு தளர்ந்து, வாயோரத்தில் காற்று கசியத் தொடங்கிவிடுகிறது என்றும், இன்னும் கடுமையாகச் சாதகம், அதாவது பயிற்சி, செய்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசித்துவரும் என் அனுபவத்தில், கடுமையைக் கூட்டுவதற்கு முன் உங்கள் சீவாளியை, அதாவது கருவியின் முனையில் பொருத்தி உதட்டால் கவ்வி ஊதும் நாணல் துண்டை, பார்க்க வேண்டும்.

வாயைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கும் தசை பேசும்போதும் உண்ணும்போதும் இடைவிடாது அசைகிறதே தவிர, ஒரே நிலையில் நெடுநேரம் இறுகி நிற்பதில்லை. சீவாளியைக் கவ்வி நிற்கையில் அது அப்படித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைவதால் களைப்பு விரைவில் வருகிறது, சற்றே தளரவிட்டால் பெருமளவு நீங்கியும் விடுகிறது. சீவாளியின் வாய் அதிகமாகத் திறந்திருந்தாலோ நாணல் தடித்திருந்தாலோ, அதை அதிரவைப்பதற்கே உதடு தன் வலுவையெல்லாம் செலவிட்டுவிடும். ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கும் சுருதிக்கும் எதுவும் மிஞ்சாது. நன்றாக ஊறிய சீவாளியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் (நடு ஸ்தாயியின் 'ஸ') சிறு முயற்சியிலேயே பேச வேண்டும். பேசவில்லையென்றால் அது உங்களுக்கு உரிய சீவாளி அன்று.

பத்தொன்பது வயதில், நாதம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், கடினமான சீவாளி ஒன்றைக் கொண்டு ஒரு கோயில் திருவிழாவின் இரவுப் புறப்பாட்டில் வாசித்தேன். நள்ளிரவுக்குள் உதடு மரத்துப்போய், எஞ்சிய வீதிகள் முழுவதையும் உடன் வாசித்தவரே தாங்கினார். மறுநாள் வீங்கிய உதட்டோடு பிடிவாதமாகச் சாதகம் செய்து, மேலும் ஒரு வாரத்தை இழந்தேன். என் ஆசிரியர் அந்தச் சீவாளியை வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு உதட்டைக் குறை சொல்லாதே" என்றார்.

அடுத்ததாக, மேல் ஸ்தாயியான தார ஸ்தாயிக்குப் போகும்போது என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். அங்கே உதட்டின் அழுத்தமும் மூச்சின் விசையும் சேர்ந்தே கூட வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் மூச்சை அப்படியே விட்டுவிட்டு உதட்டை மட்டும் இறுக்குகிறார்கள். அதனால் நாதம் மெலிகிறது, உதடு களைத்ததும் சுருதி இறங்குகிறது, பிறகு தாடையும் பல்லும் துணைக்கு வந்துவிடுகின்றன. பல் பட்ட சீவாளி பாழாவது ஒருபுறமிருக்க, அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

ஆகவே, காற்று கசியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வாசிப்பது தசையை வளர்ப்பதில்லை, தவறான பிடிப்பைத்தான் பழக்குகிறது. நான் மாணவர்களிடம் ஏழெட்டு நிமிடம் வாசித்துவிட்டு நான்கைந்து நிமிடம் கருவியைக் கீழே வைத்து, அதே பகுதியைத் தாளம் போட்டுப் பாடச் சொல்கிறேன். பாடும் நேரம் வீண் என்று நினைக்காதீர்கள். மனத்தில் தெளிவாக உள்ள பிடி (ராகத்தின் சிறு ஸ்வரத்தொடர்) கருவியில் குறைந்த முயற்சியிலேயே வந்துவிடும். மத்திய ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தில் நின்று ஒலிக்கும் நீண்ட கார்வைகளோடு தொடங்கி, தார ஸ்தாயிப் பயிற்சியை உதடு வலுவாக இருக்கும் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் அமர்வதைவிட, காலையும் மாலையும் பிரித்து அமர்வது மேல். முடிந்தபின் உதடுகளைத் தளரவிட்டு, சிறிது நேரம் காற்றால் அதிரவிடுங்கள்.

மணிக்கணக்கில் வாசிக்கும் வித்வான்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த நம் மேளத்தின் அமைப்பே உதட்டுக்கு ஓய்வு தருவதாக இருக்கிறது. இரு நாகஸ்வரங்கள் ஆலாபனையிலும் ஸ்வரத்திலும் மாறி மாறி வாசிக்கின்றன. தாளக் கருவி மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தவில் முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. தனியாகப் பழகும் உங்களுக்கு அந்த ஓய்வைத் தர வேறு எவரும் இல்லாததால், நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வெடுத்த பின்னும் உதடு மரத்தே இருந்தாலோ, காதருகே தாடை மூட்டு வலித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து கசிந்தாலோ, வாசிக்கும்போது உதடு தன்னிச்சையாகத் துடித்தாலோ அது வெறும் களைப்பாக இல்லாதிருக்கலாம். சாதகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள், போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று வாசித்துக் காட்டுங்கள்.