சொட்டும் குழாயை மூடி போட்டு அடைக்காதீர்கள்

தம்பி, குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் குடியேறியிருக்கும் நீங்கள் ஒரே மூச்சில் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குளிக்கும்போது பாதியிலேயே சுடுநீர் தீர்ந்துபோகிறது. சூடேறும் நேரத்தில் சுடுநீர்த் தொட்டிக்குள் கடகடவென்று சத்தம் வருகிறது. தொட்டியின் மேற்பகுதியிலுள்ள வால்விலிருந்து தரையை நோக்கி இறங்கும் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. உடன் தங்கியிருப்பவர்கள் அந்தக் குழாயின் முனையில் ஒரு மூடியைத் திருகி அடைத்துவிடச் சொல்கிறார்கள். வெப்பநிலையைக் குறைத்தால் கட்டணம் குறையுமா, எந்தக் கம்பெனி ஹீட்டர் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த மூடிதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் குழாயின் மேல்முனையில் இருப்பது பாதுகாப்பு வால்வு. தொட்டிக்குள் அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் தானாகத் திறந்து நீரை வெளியே விடுவதுதான் அதன் ஒரே வேலை. வீட்டுத் தொட்டிகளில் பரவலாகப் பொருத்தப்படும் வகை, ஏறத்தாழ 99 டிகிரி செல்சியஸிலோ 10 பார் அழுத்தத்திலோ திறக்கும். வேண்டிய சூடு வந்ததும் சூடேற்றுவதை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடேற்றுவது நிற்காமல் போய், இந்த வழியும் அடைபட்டிருந்தால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அது ஆவியாக முடியாது. அந்த நிலையில் தொட்டி எங்காவது கிழிந்தால் அழுத்தம் நொடியில் விழுந்துவிடும். அதுவரை அடங்கியிருந்த நீரின் ஒரு பகுதி அதே கணத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சுவரை இடித்துக்கொண்டு தொட்டி வெளியே பாயும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன. உங்கள் நண்பர்கள் அடைக்கச் சொல்வது, இவ்வளவையும் தடுப்பதற்காக வைக்கப்பட்டிருக்கும் கடைசி வழியை.

சொட்டுவதற்குக் காரணம் இருக்கும். அதைக் கண்டறிவதற்குச் சிறிது பொறுமை வேண்டும். தொட்டி சூடேறும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் நீர் விரிவடைவதுதான் காரணம். 200 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 3 லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். தெருக்குழாயிலிருந்து வரும் நீர் திரும்பிப் போகாதபடி வீட்டில் ஒருவழி வால்வு இருந்தால், அந்தக் கூடுதல் நீருக்கு ஒதுங்க இடமில்லை. இதற்கென்று ஒரு சிறிய விரிவாக்கத் தொட்டியைப் பொருத்துவார்கள். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால், வீட்டுக்கு வரும் நீரின் அழுத்தமே மிகுதியாக இருக்கலாம், அல்லது வால்வு மூடிப் பதியும் இடத்தில் உப்பு படிந்து அது சரியாக மூடாமல் இருக்கலாம். ஆனால் சொட்டும் நீர் ஆவி பறக்கக் கொதிக்கிறது, சமையலறைக் குழாயிலும் வழக்கத்துக்கு மாறாகச் சூடு என்றால் காத்திருக்க வேண்டாம். எரிவாயுவையோ மின்சாரத்தையோ உடனே நிறுத்திவிட்டு, தொட்டியின் பக்கம் போகாமல், வீட்டுக்காரரை அழையுங்கள்.

நான் வந்து இறங்கிய வீட்டிலும் இதே காட்சியைக் கண்டேன். நிலவறையில், படிக்கட்டுக்கு அடியில் எரிவாயுத் தொட்டி. அதன் வெளியேற்றுக் குழாயின் முனையில் யாரோ நூல் சுற்றி இறுக்கிய பித்தளை மூடி. அதன் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த உப்பு. வெகுகாலமாகவே அப்படி இருந்திருக்க வேண்டும். அங்கே எனக்கு முன்பே குடியிருந்தவர்கள் நல்லவர்கள். வந்த முதல் வாரம் எனக்குப் படுக்க இடமும் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் கொடுத்தவர்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் எதையும் சொல்லக்கூடாது என்பதில் அவர்கள் ஒரே குரலாக இருந்தார்கள். வந்த இடத்தில் வம்பு எதற்கு, சொன்னால் வாடகையை ஏற்றுவார், காலி செய்யச் சொல்வார் என்ற பயம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அதற்கான காரணங்களை நானும் அறிவேன். ஆயினும் பாதுகாப்புக் கருவி பழுதாகியிருக்கிறது என்று எழுதித் தெரிவிப்பது சண்டை இழுப்பதாகாது என்பதை நம்மவர்களில் பலர், இருபது முப்பது ஆண்டுகள் இருந்த பிறகும், ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். நான் எழுதினேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். வந்த பிளம்பர் அந்த மூடியைப் பார்த்ததும் எதையும் தொடாமல் முதலில் எரிவாயுவை அடைத்தார். எங்கள் எல்லோரையும் மேலே போகச் சொன்னார். தொட்டி ஆறிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார். தெர்மோஸ்டாட் பழுதாகி, நீர் வேண்டியதற்கு மேல் சூடாகிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

உங்களுடையது எரிவாயுவில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. எரிவாயு என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. எரிந்த புகை புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டும். குளிருக்குப் பயந்து சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் நாடா ஒட்டி அடைத்துவிட்டு, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறிகளை ஓட விட்டால், வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, புகை மேலே போவதற்குப் பதிலாக அறைக்குள்ளேயே திரும்பி இறங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டிலிருக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தெளிந்துவிடுகிறது, கூட இருப்பவர்களுக்கும் அப்படியே என்றால், அது ஊர் மாறியதால் வந்த அசதி என்று எண்ணிவிடாதீர்கள். எல்லோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். லண்டனில் 1868-ல் பெஞ்சமின் மாகன் என்பவர் எரிவாயுவில் உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்தபோது, அதற்குப் புகைபோக்கியே இருக்கவில்லை. புகை வெளியேறும் வழி இல்லாமல் இந்தக் கருவிகளை வைத்துக்கொள்ள முடியாது என்பது பின்னால் வந்தவர்கள் கற்ற பாடம். சன்னலை நாடாவால் ஒட்டுகிறவர்கள் அதையேதான் மறக்கிறார்கள்.

தொட்டியின் உச்சியில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், குடை போன்ற திறந்த தகடு இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எரிவாயு வாடை சிறிதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, பர்னர் எரியத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து, அணைத்த தீக்குச்சியின் புகையை அந்தத் தகட்டின் விளிம்பருகே காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. வெளியே தள்ளப்பட்டாலோ, தகட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, கீழே சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலோ, எரிவாயுவை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இந்தச் சோதனையில் தேறினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு அருகில் வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் கம்பளிக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அது என்பது என் உறுதியான கருத்து.

பர்னரைப் பற்றவைப்பதற்காக எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய பைலட் சுடர் அடிக்கடி அணைந்தால், பெரும்பாலும் தெர்மோகப்பிள் என்ற சிறிய உலோகக் கம்பிதான் காரணமாக இருக்கும். சுடரில் சூடாகி அது உண்டாக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம், சுமார் 25 முதல் 30 மில்லிவோல்ட், எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் மின்னழுத்தம் விழுந்து வால்வு மூடிக்கொள்ளும். இந்தச் சிறு உறுப்பு தேய்ந்ததற்காக முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும் என்று என் நண்பர் ஒருவரிடம் ஒரு பழுதுபார்ப்பவர் சொன்னார். மொழி தெரியாதவரிடம் எதையும் சொல்லலாம் என்று எண்ணுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதனால்தான் உறுப்புகளின் பெயரையும் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதே சமயம், தெர்மோகப்பிளைக் கட்டி வைத்து ஏமாற்றவோ, வால்வைத் திறந்தே வைக்கவோ வழி சொல்லும் நபர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

மின்சாரத் தொட்டி என்றால், சுடுநீர் பாதியில் தீர்ந்துபோவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கீழ் எலிமென்ட், அதாவது மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் உறுப்பு. பெரிய தொட்டிகளில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இருக்கும். மேலது முதலில் வேலை செய்து உச்சியிலுள்ள நீரைச் சூடாக்கிவிட்டு, கீழதற்கு வழிவிடும். கீழது எரிந்துபோனால் தொட்டியின் மேல்பாதி மட்டுமே சூடாகும். நீங்கள் சொல்வதும் அதுவே. மேலது போனால் பெரும்பாலும் சுடுநீரே வராது. உள்ளே வரும் குளிர்நீரை அடிவரை கொண்டுசெல்லும் நீண்ட பிளாஸ்டிக் குழாய் உடைந்தாலும், குளிர்நீர் மேலேயே கலந்து, வெதுவெதுப்பாகத்தான் கிடைக்கும். மேல் எலிமென்ட்டை மறைக்கும் தகட்டு மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். நீர் ஏறத்தாழ 77 டிகிரியைத் தாண்டினால் அது துண்டித்துக்கொள்ளும். ஒருமுறை அழுத்திச் சரியாகிவிட்டால் விட்டுவிடலாம். மறுபடி மறுபடி துண்டித்தால் தெர்மோஸ்டாட்டோ எலிமென்ட்டோ கெட்டிருக்கிறது. அல்லது உள்ளே மின்கம்பி எங்கோ தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்; அதைச் சமாளிப்பு என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தகட்டு மூடியைத் திறப்பதற்கு முன், தொட்டிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்தே ஆக வேண்டும். உள்ளே முழு மின்னழுத்தமும் திறந்த முனைகளில் இருக்கும். தொட்டியில் நீர் முழுவதும் நிரம்புவதற்கு முன் மின்சாரத்தைப் போட்டால், எலிமென்ட் சிறிது நேரத்திலேயே கருகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடகட சத்தம் அடியில் படிந்த உப்பால் வருவது. கடினநீரிலுள்ள கால்சியம் சூட்டில் பிரிந்து அடியில் தடித்துப் படிகிறது. அதற்கு அடியில் சிக்கிய நீர் கொதித்துக் குமிழியாக வெடிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து கழுவிவிட்டால் இது கட்டுக்குள் இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் திறக்கப்படாத பழைய வடிகுழாய் திறந்த பிறகு சரியாக மூடாமல் போகலாம். வாடகை வீட்டில் அந்த வேலை உங்களுடையது அல்ல.

சொந்தமாக ஒரு தொட்டி வாங்கும் காலம் வந்தால் அனோடு என்ற பெயரை நினைவில் வையுங்கள். மெக்னீசியம் அல்லது அலுமினியத்தாலான அந்தத் தண்டு, தான் அரிக்கப்பட்டுத் தொட்டியின் இரும்பைக் காக்கிறது. ஹம்ஃப்ரி டேவி 1824-ல் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்துக் காட்டிய அதே வழி. என் வீட்டுத் தண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நானே கழற்றிப் பார்க்கிறேன். கடைசியாக எடுத்தபோது நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி மட்டும் வெளியே தெரிய, மற்றதெல்லாம் கொறிக்கப்பட்டதுபோல் தேய்ந்திருந்தது; மாற்றினேன். என் தொட்டி இன்றும் நன்றாக ஓடுகிறது. நிலவறையில் ஸ்பேனரைப் பிடித்து நிற்பது நம் போன்றோருக்குரிய வேலையல்ல என்று கருதும் உறவினர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டில் தொட்டிகள் அடிக்கடி மாறுகின்றன. சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால், நீரிலுள்ள சில பாக்டீரியாக்களும் மெக்னீசியத் தண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். துத்தநாகம் கலந்த அலுமினியத் தண்டு பெரும்பாலும் அதைத் தீர்க்கும்.

வெப்பநிலையைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்பது உண்மை. ஆனால் 40 டிகிரிக்குக் குறைத்து வைக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவின் காரணத்தைத் தேடியபோது கண்டறியப்பட்ட லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் நன்றாகப் பெருகும். 60 டிகிரியில் சேமித்தால் அது அழியும். ஆனால் 60 டிகிரி நீர் தோலில் பட்டால் சில நொடிகளிலேயே ஆழமான தீக்காயம் உண்டாகும். ஆகவே தொட்டியில் 60, குழாயில் 50-க்குக் கீழே வரும்படி கலக்கும் வால்வு ஒன்று இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் அதை வலியுறுத்துங்கள்.

எந்தக் கம்பெனி என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு இப்போது அந்தக் கேள்வியும் தேவையில்லை. இன்று மாலையே தொட்டியின் பெயர்ப்பலகையையும் சொட்டும் குழாயையும் படம் எடுங்கள். எப்போது சொட்டுகிறது, எவ்வளவு சூடு, சத்தம் எப்போது வருகிறது என்று தேதியுடன் எழுதி, படத்தோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்தால் போதும். வாளியின் விளிம்பு குழாய் முனையைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். சொட்டுவது வால்விலிருந்து அல்ல, தொட்டியின் அடி உடலிலிருந்தே என்று தெரிந்தால், அதைப் பழுதுபார்க்க முடியாது. அப்போது நீர் வரும் வால்வையும் மின்சாரத்தையோ எரிவாயுவையோ மூடிவிட்டு, புதுத் தொட்டி வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.