மூன்றரை மணி நேரத்தில் போய் நிற்கலாம்

அன்புள்ள மேடம்,

நாங்கள் டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். ஒரே மகள், இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி ரேங்க்கில் முதல் 6 சதவீதத்துக்குள் வருபவர்களை நேரடியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், 2026 சேர்க்கைக்கு அதை 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். அப்படியும் அதற்குள் வந்துவிட்டாள். கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைத்தது. ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இடம் வந்திருக்கிறது. அது இருக்கும் ஆன் ஆர்பருக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் கணவரும் அவள் கட்சி.

நானும் வேலைக்குப் போகிறவள்தான், கணக்குத் தெரியும். நாங்கள் டெக்சஸ்வாசிகள் என்பதால் ஆஸ்டினில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டாலர் சொச்சம். மிச்சிகனில் வெளிமாநில மாணவருக்கு 80,000-ஐத் தாண்டுகிறது. நான்கு வருடத்தில் வித்தியாசம் மட்டும் 2 லட்சம் டாலர். பிள்ளை படிப்புக்காகப் பெற்றோருக்கு அரசு கொடுக்கும் ‘பேரண்ட் பிளஸ்’ கடன் வாங்கலாம் என்கிறார் அவர். அதற்கும் 2026 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மீதிக்கு? சொன்னால், “பெண்ணுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறோம்?” என்று என்னைத்தான் கேட்கிறார். திருச்சியிலிருந்து மாமியார் வீடியோ காலில், “பேத்தி ஆசையைக் கெடுக்காதே” என்கிறார். மகளோ, “அம்மாவுக்குப் பணம்தான் பெரிசு” என்று என் காதுபடவே தோழியிடம் சொல்கிறாள். அவளுக்காகவே ஒவ்வொரு டாலராக எடுத்து வைத்த எனக்கு இந்தப் பட்டம்.

ஆஸ்டின் என்றால் ஏதாவது என்றால் மூன்றரை மணி நேரத்தில் காரில் போய் நிற்கலாம். பத்தாம் வகுப்பில் கொஞ்ச காலம் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், அறையைச் சாத்திக்கொண்டே கிடந்தாள். பள்ளியில் சொல்லி ஒரு தெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனோம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை நெருங்கியதால் நிறுத்திவிட்டோம். ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது நன்றாக இருக்கிறாள், அவளுக்கு அதெல்லாம் மறந்தே போயிருக்கும். எனக்குத்தான் இன்னும் நடு ராத்திரியில் எழுந்து அவள் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிற பழக்கம் போகவில்லை. அது வேறு விஷயம்.

கேள்வி இதுதான் மேடம். மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். 2 லட்சம் டாலர் சும்மா வருமா? நான் பணப்பேயா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

பணக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. இரண்டும் நாட்டின் சிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் வருபவை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆஸ்டினை விட்டு 2 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்து வெளியே போக அவசியம் இல்லை. “எங்களால் முடியாது” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு முடிந்தது. உங்கள் கணவரிடம் மாற்றுக் கணக்கு இருந்தால் அவர் எழுதிக் காட்டட்டும்.

ஆனால் நீங்கள் அப்படி முடிக்கவில்லை. கடனைப் பற்றிய கவலையில் ‘ஏதாவது என்றால்’ எங்கிருந்து வந்தது? கடனுக்காக யாரும் மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய் நிற்பதில்லை. நீங்கள் ‘வேறு விஷயம்’ என்று ஒதுக்கியது ஒன்றுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

ராத்திரியில் எழுந்து கதவைப் பார்க்கும் அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயத்தோடு தனியாக இத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள், பாவம். இருந்தாலும் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்த உங்களுக்கே மறக்கவில்லை. அனுபவித்தவளுக்கு மறந்திருக்குமா? மறக்கவில்லை, இந்த வீட்டில் பேசக்கூடாத ஒன்று அது என்று புரிந்துகொண்டிருக்கிறாள். ‘நிறுத்திவிட்டோம்’ என்று எழுதுகிறீர்கள். யார் நிறுத்தியது? தெரபிஸ்ட் போதும் என்றாரா, உங்கள் மகள் போதும் என்றாளா? பரீட்சை வந்தது, நின்றுவிட்டது. அவள் பக்கத்திலிருந்து பாருங்கள்: தன் மனசைவிட மார்க் முக்கியம் என்று அப்போது தெரிந்துகொண்டாள், இப்போது பணம் முக்கியம் என்று தெரிந்துகொள்கிறாள். இரண்டும் உண்மை இல்லை என்று எனக்குத் தெரிகிறது. அவளுக்கு எப்படித் தெரியும்? “பயமாக இருக்கிறதடி” என்று சொல்வதைவிடக் கஞ்சப் பட்டம் வாங்குவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஆஸ்டின் விடுதியில் மட்டும் அவள் கதவிடுக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அவளுடைய படிப்புப் பதிவேடுகள் மீதான உரிமை, ‘ஃபெர்பா’ சட்டப்படி, பெற்றோரிடமிருந்து அவளுக்குப் போய்விடுகிறது. பதினெட்டு வயதானவளின் மருத்துவ விவரத்தையும் அவள் சம்மதம் இல்லாமல் பொதுவாக உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சொந்த மாநிலத்திலும் இதே கதைதான். அவளாக போனை எடுத்து “அம்மா, முடியவில்லை” என்று சொன்னால்தான் உங்களுக்குத் தெரியவரும். அதைச் சொல்லக்கூடிய அம்மாவாக இருக்கிறீர்களா என்பதை யோசியுங்கள். மைல் கணக்கு அதற்கப்புறம்.

எனவே இந்த வாரம் அவளோடு உட்காருங்கள், கல்லூரிப் பேச்சை எடுக்காமல். “பத்தாம் வகுப்பில் நீ பட்டதை நாங்கள் பாதியில் மூடிவிட்டோம். எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. உனக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். உயிரை விடும் எண்ணம் அப்போது வந்ததா, இப்போது வருகிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் மே 1 வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கு உதவும் 988 என்ற தொலைபேசி எண்ணும் எந்நேரமும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். “உனக்குத்தான் அப்படி ஆச்சே, அதனால் இங்கேயே இரு” என்று அதைத் துருப்புச் சீட்டாக இறக்காதீர்கள். இறக்கினால், அடுத்த முறை சிரமம் வந்தால் உங்களிடம்தான் கடைசியாகச் சொல்வாள். அவள் தூரம் போக நினைப்பது தப்பித்து ஓடுவதாகவும் இருக்கலாம், நல்ல கல்லூரி என்ற சாதாரண ஆசையாகவும் இருக்கலாம். அவளைக் கேட்காமல் நீங்களும் நானும் முடிவு கட்ட முடியாது.

பேசிய பிறகு கல்லூரிக் கணக்கில் ஒரு வரி கூடும். அமெரிக்காவில் தெரபிஸ்ட்டின் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. சில மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் உண்டு என்றாலும், டெக்சஸில் பார்த்தவரே மிச்சிகனில் இருப்பவளை வீடியோவில் தொடர்ந்து பார்க்க முடியுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். 26 வயது வரை உங்கள் காப்பீட்டில் அவளை வைத்திருக்கலாம், ஆனால் அந்த ஊர் மருத்துவர்கள் அதன் நெட்வொர்க்கில், அதாவது அந்தக் காப்பீட்டின் மருத்துவர் பட்டியலில், வருகிறார்களா என்று பாருங்கள். இரண்டு வளாகங்களிலும் மாணவர்களுக்கான மனநலப் பிரிவு உண்டு, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அவளையே போன் செய்து விசாரிக்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பணம் இல்லை என்பதால் ஆஸ்டின் என்றே முடிவானால், கோபப்படுவாள். படட்டும். காரணம் உண்மையானதாக இருந்தால் அந்தக் கோபம் ஒரு செமஸ்டருக்கு மேல் தாங்காது.

மகளிடம் பேசுவதற்கு முன், இன்று இரவே உங்கள் கணவரிடம் பேசுங்கள். நீங்கள் நடு ராத்திரியில் எழுந்து போவது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை.