ஃபோர் வீல் எடுக்கலை அண்ணாச்சி! பழைய பிக்கப் கேள்வி-பதில்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துவிட்டால் இந்தக் கேள்விகள் வரிசை கட்டி வரும். கோடை முழுக்க டூ வீலிலேயே ஓடிய வண்டியைச் சேற்றில் இறக்கி, பின் சக்கரம் புதைந்த பிறகுதான் முன்னால் ஒரு ஆக்சில் இருப்பது பலருக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்குப் பார்த்து அது எடுக்காது. எழுதியவர்கள் மாடல், வருஷம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ஃபோர் வீலைக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். பழைய பிக்கப்பில் ஃபோர் வீல் ஓடித் தேய்ந்து கெடுவதைவிட, ஓடாமல் கிடந்து கெடுவதுதான் அதிகம்.

களக்காட்டிலிருந்து ஒரு வாழை வியாபாரி: அண்ணாச்சி, என் வண்டி 2010 மாடல் ஸ்கார்பியோ கெட்அவே. டேஷ்போர்டில் உள்ள திருகியை ஃபோர் ஹைக்கு (நாலு சக்கரமும் வழக்கமான வேகத்தில்) திருப்பினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறது. டிரான்ஸ்பர் கேஸை (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். செலவைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

இறக்க வேண்டாம், பொறுங்கள். அந்தத் திருகி வெறும் சுவிட்ச்தான். கேஸின் மேல் வெளிப்பக்கமாக ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் சொன்னதும் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் உள்ளே இருக்கும் கியரைத் தள்ளும், வேலை முடிந்தது என்று ஒரு சென்சார் திருப்பிச் சொல்லும். விளக்கு மின்னுகிறது என்றால் அந்தப் பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். கேஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். கிழட்டு பேட்டரியில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும், இந்த மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. அப்புறம் ஃப்யூஸ், ரிலே. அதுவும் சரி என்றால் இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்து ஒருவர் திருகியைத் திருப்பட்டும், இன்னொருவர் வண்டிக்கடியில் காது கொடுத்துக் கேட்கட்டும். சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குப் போகும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீரும் சேறும் தெறிக்கும் இடம் அது, பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். சத்தம் வருகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால் வண்டியை இரண்டு அடி முன்னே பின்னே நகர்த்துங்கள். பல்லோடு பல் முட்டி நின்றிருக்கலாம். ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு) என்றால் வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சை மிதித்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விளக்கு மின்னத்தான் செய்யும்.

இதெல்லாம் பார்த்தும் பலனில்லை என்றால் கேஸை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் கழற்றலாம். கழற்றும் முன் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அந்தத் தண்டைப் பிளையரால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கையாலேயே கியர் விழுகிறதா? அப்படியானால் கேஸ் நல்லா இருக்கிறது, கோளாறு மோட்டாரிலோ ஒயரிங்கிலோதான். இதைக்கூடப் பார்க்காமல் கேஸை இறக்கச் சொல்கிறவரிடம் நான் என் வண்டியை விட மாட்டேன்.

சரியானதும் மாதம் ஒரு தடவையாவது குளத்துக்கரை மண்பாதையில் நாலு கிலோமீட்டர் ஃபோர் ஹையில் ஓட்டுங்கள்.

வள்ளியூரிலிருந்து: லீவர் போட்ட பழைய பொலிரோ கேம்பர். ஃபோர் ஹை போட்டால் ஒழுங்காக விழுகிறது, திரும்ப டூவுக்கு வர மறுக்கிறது. வளைவில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திணறுகிறது.

தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டு ஓட்டியிருக்கிறீர்கள், சரிதானே? இந்த வகை வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் லேசாகச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லை, அதனால் ஷாஃப்டும் கியரும் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு இருக்கும்வரை லீவர் அசையாது. அதைப் பிடித்து மல்லுக்கட்டினால் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து ஒரு பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், லீவர் தானாக வரும். அதற்கும் வராவிட்டால் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கும்போது சக்கரம் ஒரு உதறு உதறித் திரும்பும், கையைத் தள்ளி வைத்திருங்கள்.

நேர் ரோட்டில்கூட இறுக்கம் வந்தால் டயரைப் பாருங்கள். பின்னால் புது டயர், முன்னால் மொட்டை என்று ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. ஒரு கணக்குச் சொல்கிறேன். 235/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். முன் டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டர் குறையும். அப்படியானால் ஒரு கிலோமீட்டரில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 7 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் அதற்கு விடாது. நாலும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம், ஒரே காற்று. இதில் சிக்கனம் பார்த்தால் மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய பில் வரும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: விளக்கு எரிகிறது, லீவரும் விழுகிறது. ஆனால் சேற்றில் பின் சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. வண்டியில் வேக்குவம் ஹப்.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் விடை வீட்டு முற்றத்திலேயே கிடைத்துவிடும்.

விளக்கு எரிவது கேஸ் பூட்டிக்கொண்டதைத்தான் பெரும்பாலும் காட்டும். சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், உறிஞ்சு சக்தியால் (வேக்குவம்) பூட்டிக்கொள்ளும் ஹப் பூட்டியதா என்று அதற்குத் தெரியாது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஃபோர் ஹை போட்டு, ஹப் பூட்ட ஒரு நிமிஷம் கொடுத்து, இன்ஜினை அணைத்து முதல் கியரில் விடுங்கள். உடனே இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டு ஹப்பும் பூட்டியிருக்கிறது, கேஸும் பிடித்திருக்கிறது. வலது சக்கரம் அசையவே இல்லை என்றால் ஏதோ ஒரு ஹப் பூட்டவில்லை. எந்தச் சக்கரத்தைச் சுற்றும்போது அதன் ஆக்சில் தண்டு கூடச் சுற்றவில்லையோ, அதுதான் ஆள். ஹப் பூட்டியிருந்தும் சக்கரத்தோடு, கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் கோளாறு கேஸில், விளக்கு பொய் சொல்கிறது.

ஹப் என்று தெரிந்துவிட்டால் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ். டீசல் இன்ஜினில் உறிஞ்சு சக்தி தானாகக் கிடைக்காது, அதற்கென்று ஒரு வேக்குவம் பம்பு இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான். அதனால் பிரேக் பெடலும் கல் மாதிரி இருந்தால் பம்பைப் பாருங்கள். பிரேக் நன்றாக இருந்தால் பம்பு தப்பித்தது. அங்கிருந்து சொலினாய்டு (மின்சார வால்வு) வழியாக ஹப் வரைக்கும் ஹோஸை ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி விரல் வைத்து உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். வயக்காட்டு ஓரம் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கும், அல்லது வெயிலில் வெடித்திருக்கும். ஹோஸ் விலை குறைவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சுற்றி, மற்ற இரண்டும் சும்மா நின்றால் அது கோளாறே இல்லை. சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அது, பிடிமானம் இல்லாத பக்கத்துக்கே சுற்றலை அனுப்பும். இதைக் கோளாறு என்று நினைத்து ஹப்பைப் பிரித்தவர்கள் உண்டு.

சாத்தான்குளத்திலிருந்து: ஃபோர் லோ போட்டும் தேரியில் வண்டி புதைகிறது.

வண்டியைக் குறை சொல்லாதீர்கள். டயரில் 35 பாயிண்ட் காற்றோடு தேரிமணலில் இறங்கினால் எந்த வண்டியும் புதையும். சுமை இல்லாத வண்டிக்கு 18, 20 பாயிண்ட் வரை இறக்குங்கள், சுமை இருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள். மணலுக்கு முன்னாலேயே ஃபோர் ஹை போட்டு, ஒரே சீராக ஓட்டிப் போங்கள். நின்ற பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் குழிதான் ஆழமாகும். ஆடிக் காற்றில் மணல் புதிதாகக் குவிந்திருக்கும் சமயம் இன்னும் மோசம். மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டுப் பனை மட்டையைப் போடுங்கள், அந்தப் பக்கம் அதற்குப் பஞ்சமா என்ன? தார் ரோடு ஏறும் முன் காற்றை மறுபடி பிடித்துவிட வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. இன்ஜினைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது முன் ஆக்சிலில் ஊளைச் சத்தம்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அதில் நின்ற வண்டிகளுக்கு இன்ஜினையும் சீட்டையும் பார்த்தார்கள், ஆக்சிலைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். நின்றே கிடந்தாலும் மெதுவாக இறங்கத்தான் செய்யும். டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவ்வளவு நாள் அப்படியே ஓடியிருந்தால் பேரிங்கும் கிரவுன் பினியனும் அரித்திருக்கும், அந்த ஊளை அதுதான். போல்ட்டின் காந்தத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முன், பின் ஆக்சில், கேஸ், கியர்பாக்ஸ் நாலையும் ஒரே நாளில் பாருங்கள். ஆனால் நாலுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றாதீர்கள். ஆக்சிலுக்கு வழக்கமாக ஜிஎல்-5 தர கியர் ஆயில். பித்தளை சிங்க்ரோ (கியர் சுலபமாக விழ உதவும் வளையம்) உள்ள கியர்பாக்ஸுக்குப் பொதுவாக ஜிஎல்-4. செயின் உள்ள டிரான்ஸ்பர் கேஸ் பலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). வண்டியோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதை ஊற்றுங்கள். பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அடுத்த மழைக்குப் பயம் குறையும்.

உவரியிலிருந்து: மீன் ஏற்றும் பழைய ஜீப் பிக்கப். கையால் பூட்டும் ஹப் திரும்பவே இல்லை.

உப்புக்காற்று. சுத்தியல் வேண்டாம், குமிழ் உடைந்துவிடும். கழற்றி டீசலில் கழுவி, காயவைத்து, கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். அமுக்கி நிரப்பினால் உள்ளே வளையம் நகராமல் மறுபடி இதே கதைதான்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து: காரையாறு இறக்கத்தில் ஃபோர் லோ போடலாமா?

தார் ரோடுதானே, வேண்டாம். வள்ளியூர்க்காரருக்குச் சொன்ன அதே முறுக்குதான் உங்களுக்கும் வரும். டூ வீலில் இரண்டாம் கியர் போதும்.

கயத்தாற்றிலிருந்து, காற்றாலை வேலைக்கு ஓடும் வண்டி: டீசல் மிச்சமாகும் என்று முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கரிசல்காட்டில் ஓடும் வண்டிக்கா? ஹப் விடுபட்டிருந்தால் அந்த ஷாஃப்ட் சும்மா நிற்கிறது, கழற்றி மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஹப் இல்லாத வண்டியிலும் கொஞ்சம்தான் மிச்சமாகும். ஷாஃப்டில் சத்தம் வருகிறது என்பதற்காகச் சொல்லியிருந்தால் ஷாஃப்ட் முனை இணைப்பில் உள்ள கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராஸ் மாற்றுங்கள், இல்லையென்றால் நிப்பிளில் கிரீஸ் அடித்துவிட்டு ஓட்டுங்கள்.