பதில்: முக்லாத் படுகை, அபு கப்ரா மணற்பாறைகள் இரு கிணறுகளில் ஒத்துவரவில்லை

வணக்கம். 6 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு எண்ணெய்க் கிணறுகளில் மணல் அடுக்குகளை ஒன்றோடொன்று இணைக்கப் பார்த்தும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மணலைப் பிடித்து இணைப்பதுதான் சிக்கல். சூடானின் முக்லாத் படுகையில் உள்ள அபு கப்ரா பாறைத்தொகுதி முற்கால கிரெட்டேசியஸ் (சுமார் 14.5 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ஏரிப் படிவு. ஆறு ஏரியில் சேரும் இடத்து டெல்டாவின் மடல்கள் (நாக்குப் போல நீளும் மணல் திட்டுகள்) சிறியவை, ஆறு வழி மாறியதும் மணல் வேறு பக்கம் போய்விடும்.

முதலில் ஷேலை (சேறு இறுகி உருவான பாறையை) இணைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பிப் பரந்த காலத்துக் கருநிற ஷேல் இரு கிணறுகளிலும் தொடர வாய்ப்பு அதிகம். லாக்கில் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவீட்டுப் பதிவில்) காமா (பாறையின் இயற்கைக் கதிரியக்கம்) கூடி, அடர்த்தி குறைந்து, சோனிக் நேரம் (ஒலி பாறையைக் கடக்கும் நேரம்) நீண்டிருக்கும் இடங்களைக் குறித்து, அவற்றை நில அதிர்வலைப் படத்தில் (செயற்கை அதிர்வுகளின் எதிரொலியால் எடுத்த நிலத்தடிப் படத்தில்) தொடர்ந்து பாருங்கள். நடுவே, படிவு சேரும்போதே அசைந்த பிளவுப் பெயர்ச்சி (பாறை உடைந்து ஒரு பக்கம் இறங்கிய இடம்) இருந்தால் தாழ்ந்த பக்கத்தில் அதே இடைவெளி தடித்திருக்கும், அது பிழையல்ல.

காமாவை மட்டும் நம்பவேண்டாம். பொட்டாசியம் பெல்ட்ஸ்பார் (கதிரியக்கப் பொட்டாசியம் உள்ள கனிமம்) நிறைந்த மணலும் ஷேல் போலக் காட்டும். லாக்கில் உள்ள நியூட்ரான்-அடர்த்திக் கோடுகளை வைத்துச் சரிபாருங்கள்.

கோர் மாதிரியில் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த உருளைப் பாறையில்) அடியில் மென்சேறு, மேலே போகப் போக மணல்மணி பருத்து, உச்சியில் கருகிய தாவரத் துணுக்குகள் என்றால் டெல்டா முகப்பு, அதாவது மடல். அடிப்பகுதி சேற்றை அரித்து, களிமண் துண்டுகளோடு தொடங்கி, மேலே போகப் போக மணி நுண்மையானால் பழைய ஆற்று வாய்க்கால். கோர் ஆழத்தை லாக் ஆழத்தோடு பொருத்திவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். 2 மீட்டர் தவறினாலே மடல் வாய்க்காலாகத் தெரியலாம்.