காற்றைத் திட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொராக்கோ சென்றபோது எஸ்ஸவிரா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். நீலப் படகுகளைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட இடம். நேரில் ஒரே களேபரம். நாற்றம், தலைக்கு மேல் கடற்காகங்கள், தொப்பியைப் பறித்துக்கொண்டு போன குளிர்காற்று. படம் எடுத்தபோது ஒரு மீனவர் கையை வீசி விரட்டினார். மீன்பெட்டியோடு வந்தவர் என்னை இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் கசப்புதான் வருகிறது. அதை எழுதலாமா, அழகை மட்டும் எழுதுவதா? அடுத்து போர்த்துகல் போகிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கசப்பைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் யார்மீது கசப்பு என்று தெளிந்துகொண்டு எழுதுங்கள். பிறர் வேலை செய்யும் இடத்தில் போய் நிற்பது எப்படி என்று நம் பயணிகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லையே என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நாற்றத்தையும் கடற்காகங்களையும் விடுங்கள். மீன் இறங்குகிற இடம் அப்படித்தான் இருக்கும். காற்றைத் திட்டியதைத்தான் என்னால் விட முடியவில்லை. வடக்கிலிருந்து கரையோரமாக வீசும் அந்தக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் ஏறி வருகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று சார்டின் என்கிற மத்தி வகை மீன் பெருகுகிறது. டப்பாவில் அடைத்த சார்டினை உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு மொராக்கோ என்றால், அது இந்தக் காற்று போட்ட சோறு. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கோவைச் சந்தைக்கு வரும் மத்தியும் காற்று கொடுத்ததுதான்.

அடுத்து, களேபரம் என்கிறீர்கள். சார்டின் கூட்டம் இரவில்தான் மேலே ஏறும். சுருக்குவலைப் படகுகள் இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் காலையில் திரும்புகின்றன. அது நெய் நிறைந்த மீன், சீக்கிரம் கெட்டுவிடும். ஐஸுக்குள் போகும்வரை ஒவ்வொரு நிமிடமும் விலை குறைகிறது. பெட்டியை ஏந்தி வருபவருக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர் எங்கே நிற்பார்? வழியில் நின்றது நீங்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்கிறீர்களே, நீங்கள் கேட்டீர்களா?

அதே துறைமுகத்தில் ஒரு பெரியவர் ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது நீளக் கயிற்றில் வரிசையாகக் கிளைக்கயிறுகளும் அவற்றின் நுனியில் தூண்டில் முள்களும் கட்டியதை, ஒழுங்கு செய்துகொண்டிருந்ததை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். கயிற்றை வட்டம் வட்டமாகக் கூடைக்குள் இறக்குவார். கிளைக்கயிறு வரும்போதெல்லாம் அதன் முள்ளைக் கூடையின் விளிம்பில் குத்தி வைப்பார். முள்ளுக்குப் பக்கத்தில் முள், வரிசை தப்பாமல். ஒன்று மாறினாலும் இருட்டில் கயிறு விடும்போது சிக்கிக்கொள்ளும், ஆள் கையையும் கிழிக்கும். பக்கத்தில் ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். பேச எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி இல்லை. கூடை நிறைந்ததும் பெரியவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளி, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். நீங்கள் களேபரம் என்று எழுதிய இடத்தில் ஒரு முள்கூட இடம் மாறி நான் பார்க்கவில்லை.

உங்களை விரட்டியவர்மீதும் எனக்குக் கோபமில்லை. உங்கள் அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து, நீங்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் படமெடுத்தால் என்ன செய்வீர்கள்?

1760களில் சுல்தான் முகம்மது பின் அப்துல்லா எழுப்பிய கோட்டை நகரம் எஸ்ஸவிரா. அந்த மதிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் அங்கே சார்டினை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. பெரிய மீன்பாடு தெற்கே உள்ள அகாதிர் துறைமுகத்துக்கும், அதற்கும் தெற்கேயும் போய்விட்டது. இன்னும் அந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

போர்த்துகலில் போர்ட்டோவுக்குப் பக்கத்து மத்தோசினியோஷ் துறைமுகத்துக்குப் போய் வாருங்கள். அங்கேயும் சார்டின்தான். பெட்டிகள் வரும் வழியை முதலில் பார்த்துவைத்துக்கொண்டு சுவரோரமாக நில்லுங்கள். கேமரா கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு ஒருவர் முகத்தைப் பார்த்து, எடுக்கலாமா என்று சைகையில் கேளுங்கள். வேண்டாம் என்றால் தலையசைத்துவிட்டு அடுத்த படகுக்குப் போங்கள்.