காலிப் பெட்டியாகவே கொஞ்ச நாள் இருக்கட்டும்

தம்பி, டென்வருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, பழைய பிக்கப் ட்ரக் ஒன்று வாங்கியாயிற்று, அதன்மேல் வைக்கக் கூரை உயர்ந்து துணிச்சுவர் விரியும் பாப்-அப் கேம்பர் ஒன்றை வெறும் ஷெல்லாக, அதாவது உள்ளே எதுவும் இல்லாத கூடாக வாங்கி, உள்வேலையை நானே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, அதிலேயே குடியிருந்தால் வாடகை மிச்சமாகுமே என்று ஒரு வரி. நான் இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம்; இப்படியொரு ஷெல்லோடு ஏழு வருடமாக அலைகிறேன். முதல் கேள்விக்கு, தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதற்கு, வேண்டாம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். விசாவில் இருப்பவர் வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் புது முகவரி தர வேண்டும். ட்ரக்குக்கு ஏது கதவெண்? பொது இடத்தில் தூங்குவோருக்கு அபராதம் விதிக்க ஊர்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நகரத்துக்கு வெளியே அரசு நிலத்தில் தங்கலாமே என்றால், பிஎல்எம் என்ற மத்திய அரசு நில மேலாண்மைத் துறையின் நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள்தான் ஓரிடத்தில் இருக்க விடுவார்கள். ஜனவரியில் துணிச்சுவருக்குள் படுத்தெழுந்து, காலை ஒன்பது மணிக்கு மீட்டிங்கில் உட்காருவது இரண்டு வாரம் வீரமாக இருக்கும். மூன்றாவது வாரம் நீங்களே அபார்ட்மெண்ட் தேடுவீர்கள்.

சரி, ஷெல்லுக்கு வருவோம். கடையில் நிற்கும்போது எல்லாரும் பார்ப்பது உள்ளே எவ்வளவு இடம் என்பதை. பார்க்க வேண்டியது எடையை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். ஒரே மாடல் ட்ரக்கிலேயே வண்டிக்கு வண்டி அந்த எண் மாறும், அதனால் இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள். என் ட்ரக்கில் அது 1,480. ஷெல் 950. நானும் மனைவியும் 320. இருபது காலன் தண்ணீர், காலனுக்கு 8.3 வீதம், 166. கூட்டிப் பாருங்கள், 1,436. மிச்சம் 44 பவுண்டு. ஃப்ரிட்ஜைக் காலியாகத் தூக்கி வைத்தாலே அது தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் போட்டது பின்னால்தான். முதல் வருடம் வீட்டுச் சமையலறை மாதிரியே அலமாரி செய்யக் கிளம்பிவிட்டேன். முக்கால் அங்குல ப்ளைவுட், நாலடிக்கு எட்டடி பலகை ஒன்று 70 பவுண்டு அளவில் வரும். மூன்று பலகை அறுத்தேன். இழுப்பறை, மசாலாத் தட்டு, பாத்திரம் கவிழ்க்க ஒரு மேடை என்று மனைவியே சிரிக்கும் அளவுக்கு ஜோடனை. ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி ஐ-70 நெடுஞ்சாலையில் சில்வர்தோர்ன் பக்கம் இறங்கும்போது பிரேக் கருகும் வாசனை வந்தது. அடுத்த வாரமே லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் எடை போட்டேன். சீட்டைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து மூன்றில் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டேன். பின் அச்சுக்கு மேலே, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். வண்டியின் பின்பக்கம் நிமிரும், உண்மைதான். ஸ்டிக்கரில் இருக்கும் எண் மாறாது. பிரேக்கும் அச்சும் பழையவைதானே.

அதனால் நான் சொல்வது இதுதான். ஷெல்லை வாங்கியதும் எதுவும் செய்யாதீர்கள். மெத்தை, மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, ஒற்றை அடுப்பு, தண்ணீருக்கு ஒரு ஜாடி, இவ்வளவோடு பத்து இரவு தூங்குங்கள். இருட்டில் கை எதைத் தேடி எங்கே போகிறது, ஈரச் செருப்பை எங்கே கழற்றுகிறீர்கள், ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் எங்கே ஒதுங்குகிறார் என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். அப்புறம் அளவெடுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் முதல் வடிவமைப்பை இரண்டாம் வருடமும் வைத்திருந்தவர் யாரும் இல்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மின்சாரம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஆம்பியர்-அவர் எடுக்கும். நூறு ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால் வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். ஆனால் அந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பேட்டரியை வெளியே ட்ரக் தொட்டியில் வைக்காமல் கேம்பருக்குள்ளேயே வையுங்கள். ட்ரக் எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற நேரடி வயர் போதாது, எஞ்சின் மின்சாரத்தை இந்த பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். இதை மறந்தவர்கள் வண்டி எரிந்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். சோலார் பலகையைக் கூரையில் போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: கூரையில் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டையும் தினமும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

கூரையைத் தூக்குவது பெரிய வித்தை இல்லை, ஆனால் முறை இருக்கிறது. வெளியே ஆறு கொக்கிகளைக் கழற்றி, உள்ளே போய், முன்பக்கப் பலகையைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். என் மனைவி ஐந்தடி இரண்டங்குலம். ஒரு குட்டி ஸ்டூல் மேல் ஏறி, தலையாலேயே முட்டித் தூக்குவாள். இறக்கும்போது கதவையோ கூரைச் சன்னலையோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல் துணி வெளிப்பக்கம் பூரி மாதிரி உப்பும். நாங்கள் நீளமான எலாஸ்டிக் கயிற்றைத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுகிறோம். கூரை இறங்க இறங்க அது துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலு மூலையிலும் ஒரு விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கொக்கி. ஒருமுறை அவசரத்தில் அதை விட்டதற்கு, இடது மூலையில் இன்னும் ஓர் ஒட்டு இருக்கிறது.

குளிர்காலத்துக்கு வந்தால், பகை குளிர் இல்லை, ஈரம். அக்டோபரில் லெட்வில் பக்கம், பத்தாயிரம் அடி உயரத்தில் படுத்திருந்தோம். விடிகாலை நெற்றியில் ஒரு சொட்டு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எழுந்து டார்ச் அடித்தால் கூரையின் அலுமினியச் சட்டம் முழுக்க முத்து கோத்த மாதிரி நீர். எல்லாம் எங்கள் மூச்சுதான், அதோடு புகைபோக்கி இல்லாத சின்ன ப்ரொப்பேன் ஹீட்டரும். ஒரு பவுண்டு சிலிண்டர் முழுக்க எரிந்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளேயே நிற்கும் என்று பள்ளி வேதியியலில் கணக்குப் போட்டிருக்கலாம், போடவில்லை. மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பூஞ்சை. அதற்கப்புறம் புகையை வெளியே தள்ளும் ஹீட்டருக்கு மாறினோம். மெத்தைக்கு அடியில் காற்று ஓடும் வலைப்பாய் போட்டோம். எவ்வளவு குளிர்ந்தாலும் கூரைச் சன்னல் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ப்ரொப்பேன் அலாரம் தனி; அந்த வாயு காற்றைவிடக் கனம், அதனால் அது தரையோரம் இருக்க வேண்டும்.

சமையல் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், தமிழர் நாம். லெட்வில் மாதிரி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெளியே வைத்து விசில் விடுங்கள். தாளிப்பும் வெளியேதான். ஒரே ஒரு முறை மழைக்குப் பயந்து உள்ளே கடுகு தாளித்தேன். அந்தத் துணி ஒரு கோடை முழுக்கப் பெருங்காயம் மணத்தது. நமக்குச் சரி, கரடிக்கும் அது அழைப்புதான். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. நம்முடையது துணிச்சுவர், கூடாரக் கணக்கில் சேரும். முன்பதிவு செய்யும்போது இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

கழிப்பறை? மூடியுள்ள கையடக்கப் பெட்டி ஒன்று. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ட்ரக்கோடு கேம்பரை இணைக்கும் டர்ன்பக்கிள்களை, அதாவது திருகி இறுக்கும் கொக்கிகளை, முதல் ஐம்பது மைலில் நிறுத்தி ஒருமுறை முடுக்குங்கள், மண்சாலையில் போய்வந்தால் மறுபடியும். தெற்கே நியூ மெக்சிகோ பக்கம் போனால் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் நகலும் கையில் இருக்கட்டும். ஒயிட் சாண்ட்ஸ் பார்த்துவிட்டு யுஎஸ் 70 நெடுஞ்சாலையில் லாஸ் க்ரூசஸ் நோக்கி வரும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. நீங்கள் எல்லையைத் தாண்டியிருக்கவே மாட்டீர்கள், ஆனாலும் கேட்பார்கள். நான் பச்சை அட்டை வாங்குவதற்கு முன், அந்தக் காகிதங்களை டென்வர் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு அங்கே போய் நின்றேன். முக்கால் மணி நேரம்.

கடைசியாக, நீங்கள் இருப்பது அபார்ட்மெண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். மழையில் மடித்த துணியை வீட்டுக்கு வந்ததும் திறந்து காயப்போட வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் பூஞ்சை. உங்கள் வளாகத்தில் கூரையைத் தூக்கி வைக்க விடுவார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பார்க்கிங் நிலவறையாக இருந்தால் உத்தரத்தின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மடித்த பிறகும் கேம்பர் ட்ரக் கூரையைவிட ஒரு சாணாவது உயர்ந்துதான் நிற்கும். அந்த அளவையும் கதவோர ஸ்டிக்கர் படத்தையும் அனுப்புங்கள். ஷெல் பார்க்கச் சனிக்கிழமை நானும் வருகிறேன்.