நூறு ஜின்னும் ஒரு நலம் விசாரிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவில் உருவக் கேலியால் இளம்பெண்கள் மனநோயாளிகளாகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஷாங்காயில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன். அங்கே “குண்டாகிவிட்டாயே” என்பது நலம் விசாரிக்கும் முறை. அலுவலகத்தில் யாரும் அதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இது மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான கவலை அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தச் சொல்லில் அன்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைக் கடந்து வந்த ஒரு பாட்டிக்கு, பேத்தியின் பருத்த கன்னம் வீட்டில் சோறு இருக்கிறது என்பதன் அடையாளம். ஆனால் அந்தப் பேத்தி, “நல்ல பெண் நூறைத் தாண்டமாட்டாள்” என்ற சொலவடையையும் கேட்டே வளர்கிறாள். நூறு என்பது நூறு ஜின், அதாவது 50 கிலோ. உயரம் என்னவென்று கேட்காமலே எல்லாருக்கும் ஒரே கணக்கு. 2016இல் ஏ4 தாளைச் செங்குத்தாகப் பிடித்து, 21 செ.மீ. அகலத்துக்குள் இடை மறைகிறதா என்று காட்டும் படங்கள் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் பரவியபோது, யாரும் யாரையும் கேலி செய்யவில்லை; அளவுகோலை அவரவரே கையில் பிடித்திருந்தார்கள்.

இறக்குமதி என்பதும் பாதி உண்மைதான். ஒரே அளவில் தைத்து விற்கும் பிராண்டி மெல்வில் ஆடைகள் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் இந்த உயரத்துக்கு இந்த எடை என்று அவற்றுக்கு அட்டவணை போட்டுப் பரப்பியவர்கள் சீன இணையவாசிகளே. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சூ நாட்டு மன்னன் லிங் ஒடுங்கிய இடையை விரும்பினான் என்பதற்காக, அவனுடைய அமைச்சர்கள் ஒருவேளை மட்டும் உண்டு, மூச்சை அடக்கிக் கச்சையை இறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள் என்று பழைய சீன நூல்கள் சொல்கின்றன. (அவர்கள் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள்.)

என்னை உறுத்துவது கேலியைவிட, அது பூண்டுகொள்ளும் நல்ல பெயர்கள்தான். பெற்றோர் சொன்னால் அக்கறை, தோழி சொன்னால் உரிமை, தானே தன்னைப் பட்டினி போட்டால் சுயக்கட்டுப்பாடு. இவற்றில் எதைக் குற்றம் என்று சொல்லி ஒரு பெண் முறையிட முடியும்? ஆகவே அவமானம் உள்ளேயே தங்கி, உணவைக் கண்டு அஞ்சுவதும், அடக்கமுடியாமல் உண்பதும், உண்டதை வெளியேற்றுவதுமாக மாறுகிறது. மாதவிடாய் நின்றால் மகப்பேறு மருத்துவரிடமும், வயிறு கெட்டால் குடல் மருத்துவரிடமும் செல்பவள், மனநல மருத்துவரை அடையும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. வாந்தி எடுப்பதற்கும் முயலுக்கும் சீன மொழியில் “தூ” என்ற ஒரே ஒலிதான். எனவே இணையத்தில் இவர்கள் தங்களை முயல்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள், வாந்திக்காகத் தொண்டைக்குள் செலுத்தும் குழாய்க்குத் தேவதைக் குழாய் என்று பெயர். நோய்க்கு இவ்வளவு செல்லமான பெயர்கள் தேவைப்படுவது, அதன் உண்மைப் பெயரை வீட்டில் உச்சரிக்க வழியில்லாததால்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள். அவர்களில் யாரெல்லாம் மதிய உணவுக்கு வந்தார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.